காணாது கூறும் மருந்து

நோயாளனைக் கண்ணாற் காணாது, கையைத் தொட்டு நாடி பாராது, பிறர் வாய்ச்சொல்லையோ ஒரு திருமுகத்தையோ பற்றிக்கொண்டு மருந்து கூறுதல் மருத்துவனுக்கு அறமாகுமா? ஆகாதெனின், அவன் இருக்குமிடத்திற்கு வரமாட்டாதார் கதி யாது? இவ்வினா மேலாக நோக்குவார்க்கு எளிதாகத் தோன்றும். உள்நுழைந்து நோக்குவார்க்கோ, அறநூற் பொருளும் ஞானநூற் பொருளும் ஒருங்கு வந்து பொருந்தும் அரிய வினாவாதல் புலனாம்.

சேலத்திற்கு வடகிழக்கே, சேர்வராயன் மலைமீது, கடன்மட்டத்தினின்றும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. சேலத்தினின்று மேலேறும் பெருவழி 20 கொண்டையூசி வளைவுகளை உடையது. 1820-ஆம் ஆண்டினை அடுத்த ஆண்டுகளிற் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் காப்பிச் செடியை அம்மலைக்குக் கொணர்ந்தபின், துரைமார் பலர் உடல்நலம் நாடி ஆண்டுச் சென்று தங்கலாயினர். நலம் நாடிச் செல்வார்க்குக் குளிர்ந்த மலையாகிய அதுவே, ஆண்டே பிறந்து ஆண்டே வாழும் எளியார்க்கு மருத்துவனைச் சேய்மைக்கண் வைத்த மலையுமாயிற்று. பெருவழியினின்றும் உள்ளொதுங்கிய சிற்றூர்களில் மலையாளிகள் எனப்படும் குடியினர் வாழ்கின்றனர். பெயர் கொண்டு சேரநாட்டார் என மயங்கற்க; இவர் தமிழ் பேசும் மலைவாணரே. அத்தகைய சிற்றூர் ஒன்றில், ஐப்பசி மழையில், நள்ளிரவில், ஒரு மகவுக்கு வலிப்புக் காண்கின்றது என்று கொள்க. வழி வழுக்கும், வண்டி இல்லை. தாயின் கையில் தொலைபேசி ஒன்றுண்டு. கீழே சேலத்தில் மருத்துவர் ஒருவர் உறக்கம் விட்டெழுந்து அவள் குரலைக் கேட்கின்றார். அவர் யாது செய்யக்கடவர்?

ஒருசாரார், 'காணாது கூறும் மருந்து குருடன் எய்த அம்பு போல்வது; தைத்தாலும் அது திறமன்று; தவறினாலோ கொலை' என்பர். மற்றொருசாரார், 'கிணற்றில் வீழ்ந்தானுக்குக் கயிறு எறிவான், அவன் முகத்தைக் கண்டபின்னரே எறிவேன் என்பானோ?' என்று வினாவுவர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. அவ்வுண்மை எவ்வெவ்விடத்து நிற்கும் என்பதே ஆராயற்பாலது.

நந்தமிழ் மருத்துவ நூலார் நோயறிதற்கு எட்டு வாயில் வகுத்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்பன அவை. இவற்றுள் எவையெவை சேய்மையைக் கடந்து மருத்துவனிடம் செல்லவல்லன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொழி செல்லும், அதுவும் இக்காலத்துக் கருவிகளாற் செல்லுமேயன்றி, ஓலைவாயிற் செல்லாது. நீரினைக் கலத்திற் பெய்து ஆள்வழி அனுப்பலாம். அதன்மீது எண்ணெய்த்துளி விட்டு, அது நீளுதல், வளையமாதல், திரண்டு நிற்றல் என்பவற்றால் வளி பித்தம் ஐயங்களைத் துணியும் முறையில், நோயாளன் உடன் இல்லாமலும் ஒருபகுதி அறியப்படும். நாவும் நிறமும் விழியும் இக்காலத்துப் படக்கருவியிற் செல்லுமாயினும், விளக்கொளியின் வேறுபாட்டால் மஞ்சள் வெளுப்பாகவும் வெளுப்பு மஞ்சளாகவும் மாறுதல் கூடும். நாடியும் பரிசமும் சேய்மை கடவா. வயிற்றை அழுத்துங்கால் எவ்விடத்து நோயாளன் முகம் சுளிக்கின்றான் என்பதை எக்கருவியும் ஏந்திச் செல்லாது. ஆகவே, சேய்மையிலிருந்து மருந்து கூறுவான் எட்டு வாயிலுட் சில அடைபட்ட வீட்டுள் இருந்து பேசுபவன். அடைபட்டமையை அவன் மறவாதிருத்தல் முதற்கடன் என்க.

இனித் திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து இயற்றுபவன் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் உறுப்புக்களாக வள்ளுவனார் வைத்தனர். பரிமேலழகர் அவை ஒவ்வொன்றையும் நான்காக விரித்துக் காட்டினர். அவற்றுள் நோயாளனுக்கு உரியதாக அவர் கூறிய ஒன்று, தன் நோயின் நிலையை உள்ளவாறு உணர்த்துதல். இயற்றுவானுக்கு உரியனவாகக் கூறியவற்றுள், நோயாளன்மாட்டு அன்பும், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றலும் அடங்கும். மருத்துவன் அருகிருப்பின் இவற்றின் குறைவை அவன் கண்டு நிரப்புவான். அவன் சேய்மைக்கண் இருப்பின் அவனுடைய கண்ணும் கையுமாக நிற்பவர் இவ்விருவரே. சேய்மை மருத்துவத்திற் பாரம் மருத்துவன் தோளினின்றும் இறங்கி, கல்லாத தாயின் தோள்மீதும், மகவின் அருகிருந்து விழித்திருக்கும் பாட்டியின் தோள்மீதும் ஏறுகின்றது. இதனை எண்ணாது, 'நாம் சொல்லிவிட்டோம்' என்று அமைதியுறும் மருத்துவன் தன் கடனில் நான்கிலொரு பங்கினையே செய்தவனாவன்.

மேனாட்டிலும் இவ்வினா பழையதே. உரோமாபுரியில் வாழ்ந்த காலென் என்னும் பெருமருத்துவன் (பிறப்பு கி.பி. 129) அயல்நாட்டார் கண்ணோய் பற்றித் திருமுகவழி வினாவியதையும், தான் விடை எழுதியதையும் தன் நூலுள்ளே குறித்துள்ளான். கெசிலியானசு என்பவன் தன் மகனுக்குற்ற வலிப்புநோய்க்கு மருத்துவமுறை எழுதித் தருக என்று அவனை வேண்டினான். காலென் தயங்கியே எழுதினான். உணவின் வரையறை, உடற்பயிற்சி, நடை, நரிவெங்காயத்தால் ஆக்கப்படும் மருந்து என்றிவை அத்திருமுகத்துள் விரிந்துள்ளன. ஏட்டிலெழுதிய முறையைக் கைப்பிடித்து நடத்தக் கற்ற மருத்துவன் ஒருவன் அருகில் வேண்டும் என்பது அவன் கருத்து. தன் கலையிற் பெருஞ்செருக்கு உடையவன் என்று பேர்பெற்ற காலென் இவ்விடத்துத் தயங்கினமையே அவனுக்குப் பெருமை தருவதாகும்.

அவனினும் ஆழ்ந்து இதனை நோக்கினவர் மைமோனிடீசு என்னும் யூதப் பேரறிஞர். ஸ்பெயின் நாட்டுக் கொர்தோவாவிற் பிறந்து, எகிப்து நாட்டுப் புஸ்தாத்து நகரில் வாழ்ந்து, 1204-இல் மறைந்தவர். சலாதீன் என்னும் பேரரசனுடைய மூத்த மகன் அல்-அப்தல், மலச்சிக்கல், செரியாமை, மனச்சோர்வு, தீய எண்ணங்கள், சாவச்சம் என்னும் இவற்றால் வருந்தி அவரை மருத்துவம் வேண்டினான். ஏறக்குறைய 1198-இல் அவர் அவனுக்கு உடல்நல ஒழுக்கம் பற்றி நான்கு இயல்கொண்ட ஒரு நூலே எழுதி விடுத்தனர்.

அந்நூலின் இரண்டாம் இயல், மருத்துவன் இல்லாவிடத்தும், இருப்பவன் திறமற்றவனாயவிடத்தும் நோயாளன் ஒழுகவேண்டிய முறையைக் கூறுவது. ஐயமுள்ளவிடத்து வலிய மருந்தை நாடாது, உடலின் இயற்கை தன் தொழிலைச் செய்ய இடங்கொடுத்தலே நன்று என்பது அதன் போக்கு. ஏற்காட்டுச் சிற்றூருக்கும் பொருந்தும் கருத்தன்றோ இது! எகிப்தில் எழுதப்பட்டது என்று இதனைத் தள்ளுதல் கூடாது.

மூன்றாம் இயலில் அரசனுடைய நோய்களையே எடுத்துக் கூறுகின்றார். மனச்சோர்வுக்கு வந்தவிடத்து, இது மருத்துவக்கலையின் எல்லைக்கு அப்பாற்பட்டு, மெய்ந்நூலும் அறநூலும் பயில்வார்க்கே உரியது என்று வெளிப்பட உரைத்து, கழிந்ததற்கு இரங்குதலின் பயனின்மையையும், வருவதற்கு அஞ்சுதலின் வறுமையையும் விளக்குகின்றார். நோயாளன் பேரரசன் மகன். மருத்துவர் வேற்றுச் சமயத்தார். அவ்வாறிருந்தும், 'உம் நோயில் ஒருபகுதி என் மருந்துப் பையில் அடங்காது' என்னும் பொருள்பட எழுத அவர் அஞ்சவில்லை. நேரிற் கூறுவதினும் எழுத்திற் கூறுதல் இதற்கு எளிதாயிற்றோ என்றும் எண்ண இடமுண்டு. சேய்மையால் விளையும் நன்மை ஒன்று உளதெனின், அது மருத்துவன் நோயாளன் முகத்துக்கு அஞ்சாமையே.

பின்னும் நோய் முற்றும் தீர்ந்திலது. அரசனைச் சூழ்ந்த மருத்துவர் பலர் பலவாறு கூறினர். அக்கூற்றுக்களை அரசன் எழுதி அனுப்ப, அப்போது தாமே நோயுற்றுச் செல்லமாட்டாதிருந்த மைமோனிடீசு, 1200-ஐ ஒட்டி மற்றொரு நூல் எழுதி, இன்னது கொள்க, இன்னது தள்ளுக என்று ஒவ்வொன்றற்கும் விடை விடுத்தனர். மருத்துவனும் நோயாளன், கேட்பவனும் நோயாளன். இருவரிடையே ஓடுவது ஓர் ஏடு. இக்காட்சி சிந்திக்கத்தக்கது.

மதுவும் இசையும் அரசனுக்கு நலம் தரும் என்று முன்னர்க் கூறப்பட்டிருந்தது. அவை அரசனது சமயத்தால் விலக்கப்பட்டவை. இதற்கு மைமோனிடீசு கூறும் அமைதி மிக நுட்பமானது. மருத்துவன் தன் கலை அறிவித்ததை உள்ளவாறு அறிவித்தல் வேண்டும், மறைப்பானாயின் வஞ்சித்தவனாவன், கொள்ளுதலும் தள்ளுதலும் நோயாளன் உரிமை, சமயநூல் ஏவும், மருத்துவநூல் அறிவுறுத்தும் என்பது அவர் கருத்து. கள்ளுண்ணாமையைப் பேரறமாகக் கொண்ட நம்மனோர்க்கு மதுவைப் பற்றிய அவர் கூற்று உடன்பாடாகாது. ஆயினும் அறிவித்தலும் ஏவுதலும் வேறு என்று பிரித்த இடம் போற்றத்தக்கது. சேய்மையிலிருப்பவன் ஏவுதற்கு உரிமையற்றவன். அவன் ஏவல் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைக் காண அவன் ஆண்டு இல்லை.

அவர் வாழ்க்கையைப் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தகும். 1199-இல் தம் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அறிஞர் ஒருவர் தம்மைக் காண வரவிரும்பியபோது, வரவேண்டா என்று எழுதினர். நாள்தோறும் காலையில் அரண்மனைக்குச் சென்று, நண்பகல் கடந்து மீண்டால், இல்லத்து முன்றில் முழுதும் நோயாளர் நிறைந்திருப்பர் என்றும், சோர்வால் படுத்தவாறே அவர்களுக்கு மருந்து கூற நேரும் என்றும் அதில் உரைக்கின்றார். அருகில் வந்தார்க்கும் மருத்துவர் முழுதும் அருகிலிருந்திலர்! இடத்தால் அணிமையும் கருத்தால் அணிமையும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

தமிழ்மக்கள் பொருட்டுச் சேய்மையிலிருந்து உழைத்த மருத்துவர் ஒருவரும் உளர். அமெரிக்க நாட்டுச் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழ் கற்று, 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். 1867-இல் 'இரணவைத்தியம்', 1872-இல் 'வைத்தியாகரம்' முதலியன தமிழாக்கப்பட்டு வெளிவந்தன. 1873-இல் தம் நாடு மீண்டபின்னும் அவர் பணி ஓயவில்லை. ஊஸ்தர் என்னும் ஊரிலிருந்தே திருத்தியும் எழுதியும் வந்தனர். 'கெமிஸ்தம்' 1875-இலும், 'மனுஷ சுகரணம்' 1883-இலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் நோக்கம் கிறித்து சமயத்தைப் பரப்புதல் என்பதை அவரும் மறைத்திலர். அவர் கல்லறையிலும் அதுவே பொறிக்கப்பட்டுள்ளது. அந்நோக்கத்தை உடன்படாத சைவரும் அவர் தமிழ்த்தொண்டினை மறுத்தல் நன்றியாகாது. அவர் செய்தது, சேய்மையிலிருந்து நோயாளனுக்கு மருந்து கூறுவதினும் ஒருபடி மேலானது. நோயாளனுக்கு அருகே நிற்பவனுக்கு, அவன் மொழியிலேயே, கண்ணும் கையும் கொடுத்தது. உடனிருந்து இயற்றுபவன் என்று வள்ளுவனார் வைத்த உறுப்பு அதனால் வலிவுற்றது.

இக்காலத்து அரசியலாரும் இப்பொருளில் வரையறை செய்துள்ளனர். 2020 மார்ச்சு 25-இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நெறிமுறை, மருத்துவரும் நோயாளரும் ஒருவரையொருவர் இன்னார் என்று அறிந்திருத்தல் வேண்டும் எனவும், போதை தரும் மருந்து முதலிய சிலவற்றை அவ்வழி எழுதலாகாது எனவும், நேரிற் காணவேண்டுமா என்பதை மருத்துவரே துணிய வேண்டும் எனவும் விதிக்கின்றது. உயிர்க்கு இடர் நேர்ந்தவிடத்து முதலுதவியும், விரைந்து நேரிற் சேர்க்க என்னும் அறிவுரையுமே உரியன என்பதும் அதன்கண் உண்டு.

'வருக' என்னும் அச்சொல்லைப் பற்றியே நம் திருத்தொண்டர் புராணத்துள் அரியதொரு நிகழ்ச்சி உள்ளது. மருணீக்கியார் தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியில் இருந்த காலத்துச் சூலைநோய் அவரைப் பற்றியது. உடனிருந்தார் செய்த முறைகளாலெல்லாம் அது தணியாது மிகவே, திருவதிகையிற் சிவத்தொண்டு புரிந்துகொண்டிருந்த தமக்கையாராகிய திலகவதியாரை நினைந்து, தமக்கு உணவாக்குவானை அவர்பால் விடுத்தனர். அவன் வந்து, நோயின் கொடுமையையும் அவர் ஆற்றாமையையும் உரைத்தான். சேய்மையிலிருந்து நோயாளன் விடுத்த தூது அது.

திலகவதியார் யாது செய்தனர்? திருநீற்றினைப் பொதிந்து அவன் கையிற் கொடுத்து விடுத்தல் கூடாதோ? 'இதனை அணிக' என்று சொல்லியனுப்புதல் கூடாதோ? அன்றித் தாமே ஓடிச்செல்லுதல் கூடாதோ? தம்பியன்றி வேறு பற்றுக்கோடில்லாத, தாய் போன்ற தமக்கை அவர். எனினும், அப்பள்ளிக்குத் தாம் வாரோம் என்று அவர்பால் உரைக்கச் சொல்லி அவனை மீட்டனர். அன்பின் குறைவு என்று ஈண்டு ஒருவர் குறை கூறுதல் கூடும். அற்றன்று. தம்பியார் நோய் வயிற்றின்கண் தோன்றினும், அதன் வேர் வேறிடத்தது என்பது தமக்கையார்க்குத் தெரியும். தம்மிடத்து அனுப்பப்பெற்றது ஒரு வலியின் செய்தி. தாம் தீர்க்கக் கருதியதோ அவ்வலியைத் தனக்குக் கருவியாகக் கொண்டுவந்த பெருநோய். மருந்தை அனுப்பின் வலி நீங்கும். வந்தாலன்றி நோய் நீங்காது. அம்மறுமொழி கேட்டு மருணீக்கியார் இரவோடிரவாகத் திருவதிகையடைந்து தமக்கையார் அடிகளில் வீழ்ந்தனர். அதன்பின்னரே அவர் தம் கையால் திருநீறு அளித்து, உடன் அழைத்துக்கொண்டு வீரட்டானத் திருக்கோயிலுட் புகுந்தனர். நடக்கவேண்டிய தொலைவை நோயாளனே நடக்குமாறு விட்டதும் மருத்துவத்தின் ஒரு பகுதியாயிற்று. ஆயினும் ஒன்று காண்க: நடக்கவல்லானை நோக்கியே அம்மறுமொழி எழுந்தது. ஏற்காட்டு மகவினை நோக்கி, நடுமழையில், 'இங்கு வருக' என்று மட்டும் உரைத்து ஓய்தல் திலகவதியாரைப் பின்பற்றுதல் ஆகாது.

ஞானநூல் இதனை இன்னும் தெளிவாக்கும். சிவஞானபோத எட்டாஞ்சூத்திரப் பொருளை ஆராய்வார், இறைவன் உயிர்கட்கு ஞானம் உணர்த்தும் முறை மூவகையாதலை அறிவர். ஆணவம் ஒன்றேயுடைய விஞ்ஞானகலர்க்கு அவன் உள்நின்றே உணர்த்துவன். ஆணவமும் கன்மமும் உடைய பிரளயாகலர்க்குத் தன் திருவுருவோடு முன்நின்று உணர்த்துவன். மாயையும் கூட மும்மலமும் உடைய சகலர்க்கோ, அவர் போலும் மானிட வடிவிற் குருவாய் எழுந்தருளி உணர்த்துவன். எங்கும் நிறைந்தானுக்குச் சேய்மை இல்லை. இருந்தும், பிணி மிக்கார்க்கு அவன் மிக அணுகியே வருகின்றான். பிணியின் மிகுதிக்குத் தக மருத்துவன் அணுகுதல் வேண்டும் என்னும் முறை இதனாற் பெறப்படும். இலேசாகிய சுரத்திற்குச் சொல் அமையும். எலும்பு முறிந்தானுக்குக் கை வேண்டும்.

தீக்கை வகைகளுள் மானத தீக்கை, ஆமை தான் இட்ட முட்டையைச் சேய்மையிலிருந்தே நினைத்துப் பொரிப்பிப்பது போல்வது என்பர். இதனை எடுத்துக்காட்டிச் சேய்மை மருத்துவத்திற்கு அரண்செய்ய முயல்வாரும் உளராவர். அவ்வுவமை அவர்க்குத் துணையாகாது. மீன் பார்வையாலும் பறவை பரிசத்தாலும் ஆமை நினைவாலும் பொரிப்பிக்கும் என்ற மூன்றும், குருவின் ஆற்றலையும் மாணாக்கன் பக்குவத்தையும் நோக்கி வகுக்கப்பட்டவை. ஆமை இட்டது தன் முட்டை. அதனை அது மறப்பதில்லை. முன்பின் காணாத நோயாளன் ஒருவனை, மறுநாள் நினைவுங்கொள்ளாத மருத்துவன், இவ்வுவமையைத் தனக்காக்கிக்கொள்ளுதல் எங்ஙனம்? மருந்து கூறியபின், 'இரவு எவ்வாறு கழிந்தது?' என்று மறுநாட் காலையில் தானே வினாவுபவன் அவ்வாமையை ஒருசிறிது ஒத்தவன் எனலாம்.

ஆகலின், அச்சேலத்து மருத்துவர் செய்யத்தக்கது வாளாவிருத்தலும் அன்று; வலிய மருந்தின் பெயரைக் கூறித் துயிலச் செல்லுதலும் அன்று. மகவை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்துக, வாயில் ஒன்றும் புகட்டற்க, பல்லிடையே எதனையும் திணிக்கற்க, எத்துணைப் பொழுது நிற்கின்றது என்று நோக்குக என்று தாய்க்கு விளங்கும் சொல்லாற் கூறுதல். நோயின் பெயர் தமக்கு இன்னும் தெரியவில்லை என்பதை ஒளியாது கூறுதல். மலைமீதுள்ள செவிலியையோ ஊர்தியையோ தாமே தேடி ஏவுதல். பொழுது புலருமுன் மகவு மருத்துவமனை சேர்வதற்கு ஆவன செய்தல். இவை செய்தவழி அவர் கண் காணாமற்போனவற்றை அவர் கருத்துக் கண்டதாகும்.

சேலத்திற்குத் தென்மேற்கே திருச்செங்கோடு உள்ளது. பண்டு கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்டது அதுவே. கொல்லிமழவன் மகளுக்குற்ற முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் நேரிற் கண்டிரங்கித் தீர்த்த திருஞானசம்பந்தப் பிள்ளையார், பின்னர்க் கொங்குநாடு போந்து, செங்குன்றூர் பணிந்து, திருநணா சென்று வழிபட்டு, மீண்டும் செங்குன்றூர்க்கே வந்து தங்கியிருந்தனர். பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. குளிரில்லாத சோணாட்டுக்குத் தாம் மீண்டு, ஆண்டிருந்தவாறே அவர்கட்கு அருளுதலும் பிள்ளையார்க்கு அரிதன்று. அவர் அவ்வூரை விட்டு அகன்றிலர். சுரத்தால் நடுங்குவார் நடுவே இருந்துகொண்டே திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தனர்.